பன்னிரண்டாம் அறையின் பூட்டு

காலையில் கழுவிப் பூட்டிய அறையின் வாசற்படியில், சாயங்கால வெயில் பட்டு, சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கியது. நல்லசிவம் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அலுமினியப் பவுடர். வாணவெடிக்கு வெளிச்சம் கொடுக்கிற அந்த நைசான தூள், விரல் ரேகைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டது. பட்டாசு ஆலையில் வேலை நின்று மாதமாகிறது. வெடிமருந்து மூட்டைகள் எல்லாம் போய்விட்டன. பூட்டு போட்டபடியே இருந்தது.

"வீரலட்சுமி! இத நீ கழுவுனியா இல்லையா?"

துப்புரவு வேலைக்கு வந்திருந்த வீரலட்சுமி வாளியைத் தரையில் வைத்தாள். "என்ன மொதலாளி இப்படிக் கேக்குறீக? விடிஞ்சதும் மொதல்ல அதத்தான கழுவுனேன். எங்க வீட்டுச் சோத்துப் பானையக்கூட இம்புட்டுத் தேச்சதில்ல. மத்த ரூமெல்லாம் தண்ணிய ஊத்துனதும் குடிக்குது. இது மட்டும் துப்புது."

"வாயக் குறை."

"நான் என்னத்தச் சொல்லிட்டேன்? கதவு தொறந்து கெடந்த வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு."

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளியே பேச்சுக் கிளம்பிவிடக் கூடாது.

அவரைப் பெற்ற அய்யா, எம். புதுப்பட்டி ஊரின் கரிசல் நிலத்தில் கட்டிய ஆலை அது. சுவர்கள் பொரிந்து உதிர்ந்தன. இன்றைய விதிப்படி பார்த்தால் அறைக்கும் அறைக்கும் இடைவெளி போதாது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு அதே நிலத்தில் புதிய ஆலை கட்டுவதற்கு அனுமதி கேட்டு அலைந்ததில் நல்லசிவம் பாதியாகிவிட்டார். ஊராட்சித் தீர்மானம் கிடைத்தது. வரைபடத்தில் பாதை அகலம் போதாது என்று விருதுநகரில் திருப்பி அனுப்பினார்கள். பாதையைத் திருத்திக் கொண்டுபோனபோது உட்கார்ந்திருந்த அதிகாரி மாறியிருந்தார். இப்போது பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று. பழைய அறைகளில் ஒரு சிட்டிகை மருந்தும் இல்லை, எல்லாம் காலி செய்து பூட்டப்பட்டுவிட்டன என்று அதிகாரி நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர்தான் இன்று வருகிறார். மருந்து கிடப்பதைக் கண்டுவிட்டால் புதிய ஆலையும் இல்லை, இருக்கிற உரிமமும் இல்லை. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். நல்லசிவம் சுத்தம் என்று சொன்ன இடத்தில் மருந்து கிடந்தது என்று சிவகாசியில் ஒருவன் சொல்லிக் கேட்க, அவரால் முடியாது.

வேட்டியை மடித்துக் கட்டினார். பூட்டைத் திறந்தார்.

உள்ளே பகல் முழுக்க அடைபட்ட சூடு முகத்தில் அறைந்தது. கந்தகமும் ஈரச் சாக்கும் கலந்த வாடை, அதற்கும் அடியில் முடி பொசுங்கினாற்போல ஒரு நாற்றம், தொண்டைக்குள் இறங்கி நின்றது. தரை முழுவதும் வெள்ளி பூசியதுபோல் கிடந்தது. இந்த ஒரு அறையின் செங்கல் மட்டும் மற்ற அறைகளின் செங்கலைவிடப் புதியது என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மழையானாலும் பண்டிகையானாலும் அய்யா இதன் இரண்டு கதவுகளையும் திறந்தேதான் போட்டிருப்பார். "இத மட்டும் பூட்டாதலே," என்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு அய்யா பார்த்த பார்வையில், மறுபடி கேட்கவில்லை. "நம்ம ஆலையில ஒரு உசுரு போனதில்ல" என்று எந்த அதிகாரி வந்தாலும் அய்யா நிமிர்ந்து நின்று சொல்வார். அவருக்குப் பிறகு நல்லசிவம் சொன்னார். சொல்லிச் சொல்லி அது குடும்பத்தின் பெயர்போல் ஆகிவிட்டது.

பூட்டச் சொன்னது அனுமதி விதி. அய்யாவுக்கு விதியா தெரியும்?

தண்ணீரை ஊற்றித் தள்ளினார். இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. திரும்பிப் பார்த்தபோது, ஓடிய தடத்தின் மேலேயே தூள் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். மருந்து சலிக்கிற சத்தம். சல்லடையைக் கையில் வைத்து இங்கும் அங்கும் ஆட்டுகிறபோது வருமே, அந்தச் சர்... சர்... அய்யா காலத்தில் அது சின்னப் பிள்ளைகளுடைய வேலை. பக்கத்து அறையில் என்று எண்ணி வெளியே வந்தார். பக்கத்து அறையில் ஒன்றுமில்லை. சத்தம் அவர் விட்டுவந்த அறைக்குள்ளிருந்து வந்தது.

உள்ளே போனார். சத்தம் நின்றுவிட்டது.

கதவின் உட்புறம் கண்ணில் பட்டது. மரத்தில் விரல் இழுத்த கோடுகள். வெள்ளிக் கோடுகள். கதவின் அகலம் முழுக்க. ஆனால் அவருடைய இடுப்புக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

வெளியே கார் வந்து நின்றது.

பூட்டினார். வாசற்படியை வேட்டி முனையால் துடைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

நல்லசிவத்தின் மகன் மணிகண்டராஜோடு அதிகாரி கனகசபாபதி வந்தார். மனிதர் களைத்துப்போயிருந்தார். மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவதன் முன்னால் வந்து நின்றார்.

"இன்னும் தாயில்பட்டிக்கு வேற போகணும் ஐயா. இதுவும் அப்படித்தான?"

"திறந்து காட்டிருவோம் சார்," என்று மணிகண்டராஜ் சாவிக்குக் கை நீட்டினான்.

நல்லசிவம் சாவியைக் கொடுக்கவில்லை. "சுத்தமா இருக்கு. நான் சொல்றேன்."

கனகசபாபதி சிரித்தார். "நீங்க சொன்னாப் போதும். ஒரு விபத்தும் நடக்காத ஆலைன்னு ஆபீஸ்லயே பேசிக்கிடுவாங்க." பூட்டின் மேல் தாள் ஒட்டி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டார். "ஆர்டர் நாளைக்கு வந்துரும். நாளை மறுநாளே இடிச்சுக்கலாம்."

"அப்பா, முடிஞ்சிருச்சுப்பா!" மணிகண்டராஜின் குரல் உடைந்தது. மகனும் அதிகாரியும் நாலு எட்டுத் தள்ளி நின்று புதிய வரைபடத்தைக் காரின் மேல் விரித்தார்கள்.

நல்லசிவம் பூட்டைப் பார்த்தார்.

ஒட்டிய தாளின் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. பார்க்கப் பார்க்க அது விரிந்தது. ஓரம் சுருண்டது. கையெழுத்து கறுத்தது.

உள்ளே சல்லடை ஆடியது. ஒன்றல்ல. நிறைய.

ஓடுங்க என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"என்னய்யா, ஏதோ கருகுற வாடை?" கனகசபாபதி திரும்பினார்.

நல்லசிவம் பூட்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். முதுகுச் சட்டை சுட்டது. கதவின் அடி இடுக்கு வழியாக ஏதோ வெளியே வந்து அவருடைய கணுக்கால்களைத் தொட்டது. பிறகு பிடித்தது. சின்னச் சின்ன விரல்கள். சூடானவை. ஒன்றன் மேல் ஒன்றாக. பால்பற்களின் இடைவெளியில் வருகிற மூச்சுபோல ஒரு சிரிப்பு கதவுக்குப் பின்னால்.

அவர் குனிந்து பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றார், நிமிர்ந்து. "எல்லாம் சுத்தமா இருக்கு."

விரல்கள் இறுகின.