நடந்து போன அக்கா

"அக்காவைக் காணோம் சார்" என்று வந்தவர் உட்காரவே இல்லை. கையில் ஐஸ் வைத்த டப்பா. அதற்குள், ஹோட்டலில் தங்கியிருந்த அக்காவின் இன்சுலின். மருந்தை வாங்கி வருவது தம்பி பொறுப்பு. நேற்றே ஊசி போட்டிருக்க வேண்டியவள், இன்று எங்கே எந்த நிலையில் கிடக்கிறாளோ.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். அவர் தம் உதவியாளரை 'அவசரம்' என்று அழைப்பார். பட்டம் பொருத்தம்தான், அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

"ஹோட்டல்ல என்ன சொன்னாங்க?" என்றார் நிதானம்.

"நேத்தே 'வாக்' ஆயிட்டாங்களாம், எங்கயோ நடந்தே போயிட்டாங்களாம். போலீஸ் ஆத்தங்கரை பூரா தேடுது சார்."

ஆறு என்றதும் அவசரம் வாசலைத் தாண்டிவிட்டாள்.

ஹோட்டல் வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை. நேற்று ஒரு பஸ் நிறைய வந்திறங்கிய சுற்றுலாக் கூட்டம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க் பதிவேட்டைப் புரட்டினார்.

"பழைய ஷிப்ட்காரர் போறப்ப சொன்னதுதான் சார். 'பன்னெண்டாம் ரூம் அம்மாவை வாக் பண்ணியாச்சு'ன்னார்."

மேனேஜர் குறுக்கே விழுந்தார். "நானே பார்த்தேன். விடுவிடுன்னு நடந்து போனாங்க."

"முட்டி வலிக்காரி சார் அவ!" தம்பியின் குரல் உடைந்தது. "கூட ரெண்டு பெரிய பெட்டி வேற."

"பெட்டிங்க எங்கே?" என்றார் நிதானம்.

"அதையும் தூக்கிட்டுத்தான்..." மேனேஜர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டப்பாவிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிதானம் இன்னும் எதற்கு நின்று பேசுகிறார் என்று அவசரத்துக்கு எரிச்சலாக வந்தது.

"தம்பி, நீங்க ஒரு வார்த்தையை மாத்திக் கேட்டுட்டீங்க. 'வாக் ஆயிட்டாங்க' இல்ல, 'வாக் பண்ணியாச்சு'. தானா நடந்து போனவங்களை யாராவது அப்படிச் சொல்வாங்களா? நாயை வெளிய கூட்டிட்டுப் போனா சொல்லலாம். ஹோட்டல்காரங்க மனுஷங்களையும் சொல்றாங்க. ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டு, ஒருத்தரை வேற இடத்துக்குத் தள்ளிவிடறதுக்கு இந்தத் தொழில்ல அதான் பேரு. பஸ் வந்துச்சு, ரூம் பத்தலை. முட்டி வலிக்காரி ரெண்டு பெட்டியோட நடக்கல. வண்டியில ஏத்தி அனுப்பியிருக்காங்க." அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "எங்கே?"

மேனேஜர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "என் மச்சான் லாட்ஜுக்கு. இன்னும் லைசென்ஸ் வாங்கலை. போலீஸ்னதும் பயந்துட்டேன் சார்."

"அதுக்கு ஒரு உயிரையா விலை கொடுப்பீங்க!" என்று கத்திவிட்டு, டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள் அவசரம்.

பூச்சு வேலை முடியாத லாட்ஜ் கட்டடத்தின் கோடி அறையில் அக்கா துவண்டு கிடந்தாள். நாக்கு வறண்டிருந்தது. பக்கத்தில் போன் செத்துக் கிடந்தது; சார்ஜர் பன்னிரண்டாம் அறையிலேயே தங்கிவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து ஊசி போட்டார். வெகுநேரம் கழித்தே அவள் கண் திறந்தாள்.

தம்பி குழந்தை மாதிரி அழுதார். "நீ எங்கேயோ நடந்து போயிட்டேன்னு சொன்னாங்கக்கா."

"நடந்தேனா?" அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை, கோபம் எழும்பியது. "என்னை நடத்தின லட்சணத்தை முதல்ல கேளுடா!"