தனபால் நக்கிய கல்

"மழை வர்றதுக்குள்ள எடுத்தாகணும்" என்று சொல்லிவிட்டு ரெபேக்கா ஓடைக்குள் இறங்கினாள். மாவுக்கட்டுக்கான மாவும் சாக்கும் சுமந்தபடி அன்சாரி பின்னால் இறங்கினான்.

கோதாவரிப் பள்ளத்தாக்கின் இந்தச் செம்மண் காட்டுக்குப் போன வருடம் திருச்சியிலிருந்து நிலவியல் மாணவர்கள் மூவர் வந்தார்கள். இப்போது இருவர். அப்போது தனபால் ஓடைக்கரையில் ஒரு நீளக் கல்லைக் கண்டு, குனிந்து நக்கினான். கல்லாகிப்போன எலும்பில் நுண்துளைகள் உண்டு; ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒட்டுதுடா, பைட்டோசார் மூஞ்சிடா" என்றான். பைட்டோசார் என்பது முதலைகளுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே வம்சத்தோடு போய்ச்சேர்ந்தது.

அது கல்லாகிப்போன வெறும் மரம் என்று தீர்ப்பளித்த அன்சாரி, அவனுக்கு 'நக்கி' என்று பெயரும் வைத்தான். கல்லை விட்டுவிட்டார்கள். பெயர் கூடவே வந்தது. தீபாவளிக்கு முன்பு டெங்குவில் தனபால் இறந்தபோது, கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அடைப்புக்குறிக்குள் 'நக்கி' என்றே அச்சாகியிருந்தது. அதன்பின் ரெபேக்கா அன்சாரியிடம் பேசவில்லை. அவள் தனபாலைக் காதலித்தது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தனபால் சொன்னது சரி என்று காட்டத்தான் இப்போது வாய் திறந்தாள்.

இடி இடித்தது. செந்தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கரை பாதி சரிந்து, கல் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அன்சாரி வேரைப் பிடித்து ஏறிச் சுத்தியலை எடுத்தான்.

"தட்டாத, உடைஞ்சிடும். நக்கு."

அவன் மண்ணைத் துடைத்துவிட்டு நாக்கை வைத்தான்.

"ஒட்டுதா?"

அவன் நாக்கை எடுக்கவில்லை.

"ஒட்டுதான்னு கேட்டேன்."

அவன் தோள்கள் குலுங்கின. நாக்கு மாட்டிக்கொண்டதால்தான் பேச முடியவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்.

தார்ப்பாயைப் பிடித்து மழையை மறைத்துக்கொண்டு, மண்டையோட்டைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டார்கள். சிகிச்சை கொஞ்சம் தாமதம்தான். அதைப் பெயர்த்து இருவருமாகத் தூக்கி மேட்டில் ஏறியதும், பின்னால் கரை முழுதும் ஓடையில் விழுந்தது.

கல்லூரியில் சுத்தம் செய்து பார்த்தார்கள். முதலைக்கு மூக்குத்துளை மூஞ்சியின் நுனியில் இருக்கும். இதற்கோ கண்ணுக்குப் பக்கத்தில். தனபால் சொன்ன பைட்டோசாரேதான். நக்கிப் பார்க்காமல் யாரையும் நக்கல் செய்யக்கூடாது என்று அன்சாரி இப்போது ஜூனியர்களுக்கு அறிவுரை சொல்கிறான்.

கண்ணாடிப் பெட்டிக்கான அட்டையில் 'கண்டெடுத்தவர்: தனபால்' என்று அவனே எழுதினான். ரெபேக்கா அதைப் படித்துப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே எழுதினாள்: நக்கி.