திட்டறை

தூத்துக்குடியில் ஒருவரை ஒருவர் திட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மனிதர்கள் திருந்திவிடவில்லை. ஒவ்வொருவர் காதிலும் உளுந்து அளவுக்கு ஒரு சொல்மெருகி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். எதிராளி பேசுவதை அது வாங்கி, முள்ளெடுத்து, அவர் குரலிலேயே இனிமையாகக் காதில் ஊற்றும். "அறிவிருக்கா?" என்று ஒருவர் கத்தினால் "சற்று யோசித்துப் பாருங்களேன்" என்று மற்றவருக்குக் கேட்கும். மீன் ஏலத்தில் சண்டை கிடையாது. குடும்ப நீதிமன்றத்தை மூடிவிட்டு அந்தக் கட்டடத்தில் பூக்கண்காட்சி நடத்தினார்கள்.

கடலுக்கடியில் இருநூறு மீட்டர் ஆழத்தில் உலோகம் தோண்டும் நிலையம் ஒன்று இருந்தது. அதில் ஜெரோம் பம்பு ஃபிட்டர். கரை அலுவலகத்தில் கப்பல்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள் அவன் மனைவி ஸ்தெல்லா. அன்று காலை கடலடியில் சேறு சரிந்து பெரிய கேபிள் அறுந்தது. யாரும் பதறவில்லை. ஒலிபெருக்கியில் ஜெரோமின் குரல் வந்துகொண்டுதான் இருந்தது.

"ஆறு பேரும் நலம். காலை உணவு அருமை. கவலை வேண்டாம்."

மேலாளர் கனகசபாபதி திருப்தியாகக் காபி வரவழைத்தார்.

மிதவைகளைப் பராமரிக்கும் பொறியாளர் இசக்கியம்மாள் மட்டும் ஸ்தெல்லாவின் மேசைக்கு விறுவிறுவென்று வந்தாள். ஸ்தெல்லாவின் காதிலிருந்த மெருகியைக் கழற்றினாள்.

"யக்கா, இப்ப மிதவையில இருந்து தொங்குத ஒத்தக் கம்பிதான் மிச்சம். அதுல நொடிக்கு நாப்பது எழுத்து போனாப் பெரிசு. கொரலு போவவே போவாது."

"அப்ப பேசுனது யாரு?"

"ஒலிபெருக்கிக்குள்ளயும் ஒரு மெருகி இருக்குல்லா, அதுதான். நாலு எழுத்து வந்தாப் போதும், மிச்சத்த அதுவே பேசிக்கிடும்."

ஸ்தெல்லா நாற்காலியை அவள் பக்கம் இழுத்தாள். "நெசமா அவுக என்ன சொல்லுதாகன்னு பாக்க முடியாதா?"

"முடியும். யார்ட்டயும் சொல்லீராதீக." இசக்கி திரையில் ஒரு கறுப்புச் சதுரத்தைத் திறந்தாள். "இது பழைய காலத்துத் தொடரோட்ட அரட்டை. நாம அடிக்கித எழுத்த ஒரு எந்திரம் வாங்கி அடுத்த எந்திரத்துக்குக் குடுக்கும். ஓட்டப் பந்தயத்துல குச்சி கைமாத்துவோம்லா, அது மாதிரி. நடுவுல எவனும் குச்சியச் சீவ மாட்டான். கேபிளோட இதுவும் அந்து போச்சு. இப்பத்தான் ஒத்தக் கம்பியில கட்டுனேன். மொதல்ல ஒரு பேரு வைங்க."

"எனக்குத்தான் பேரு இருக்கே?"

"இங்க பட்டப்பேருதான். சின்னதா வைங்க."

பள்ளிக்கூடத்தில் ஒல்லியாக இருந்ததற்கு வைத்த மீன் பெயர்தான் அவள் நினைவுக்கு வந்தது. சாய்கோடு போட்டு, 'பெயர் சாளை' என்று அடித்தாள். எந்திரம் ஏற்றுக்கொண்டது.

"இப்ப அறைக்குள்ள போவணும். சாய்கோடு, 'சேர்', ஒரு இடம் விட்டு, ஏணி மாதிரி இருக்க '#' குறி, பொறவு 'திட்டறை'."

"திட்டறையா?"

இசக்கி நெளிந்தாள். "கீழ உள்ள ஃபிட்டருமாரும் மேல உள்ள நாங்களும் வாய்விட்டுத் திட்டிக்கிடுத எடம். இல்லன்னா பைத்தியம் புடிச்சிரும், யக்கா. ஒங்க வீட்டுக்காரருக்கும் இங்க மீன் பேருதான், முரல். நாலு வருசமா அவரு வாய அடக்க ஆளே இல்ல."

ஸ்தெல்லா உள்ளே நுழைந்தபோது முரல் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தான்.

முரல்: கதவு நசுங்கிட்டு. காத்து மூணு மணி நேரத்துக்குத்தான்.

முரல்: மேல உள்ளவங்களுக்கு நாலு தடவ சொல்லியாச்சு. 'மகிழ்ச்சி, தொடருங்கள்'னு பதில் வருது.

முரல்: ஒருத்தன் முன்னறையில தண்ணிய உட்டு உள்ள நின்னு சக்கரத்தத் திருப்புனா கதவு தொறக்கும். அவன் முங்கிருவான், மத்த அஞ்சு பேரும் தப்பிச்சிருவாங்க. போறேன்.

அதே நொடியில் ஒலிபெருக்கியில் ஜெரோமின் குரல் கனிந்தது: "போய் வருகிறேன். இனிய நாள்!"

எதிர்க்கடைக்குப் போகிறவன்கூட 'வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். வெறும் 'போறேன்' என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். ஜெரோம் தெரிந்தேதான் அடித்திருந்தான்.

ஒன்பது ஆண்டுகளாக உள்ளே கிடந்ததெல்லாம் அவள் விரல்களுக்கு வந்தது.

சாளை: எலே கூறுகெட்ட முரலு! ஆரக் கேட்டுப் போற? கல்யாணத்தன்னைக்கே தாலி கட்டத் தெரியாம மூணு முடிச்சையும் சிக்காக்குன பய, நீ சக்கரம் திருப்பப் போறியா?

முரல்: ஏட்டி ஸ்தெல்லா?

சாளை: ஒரு அடி நவுந்த, நானே கடல்ல குதிச்சு வந்து ஒன்ன வெளக்கமாத்தால அடிப்பேன். இருந்த எடத்துல இரு. 'வாரேன்'னு சொல்லு!

அவனை இசக்கியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், ஆறு பேரும் சாகக் கெடக்காக! மீட்புக்கூண்ட எறக்குங்க! வெளிய இருந்து கதவத் தொறந்திரலாம்!"

கனகசபாபதி புன்னகைத்தார். "ஓய்வெடுக்கட்டுமே, அம்மா. உழைத்தவர்கள்தானே?"

ஸ்தெல்லா மேசையைச் சுற்றிப் போய், அவர் காதில் விரலை விட்டு மெருகியைப் பிடுங்கிக் காபிக்குள் போட்டாள். அடுத்த இரண்டு நிமிடம் அவர் கேட்டது ஒன்பது ஆண்டுகளில் யாரும் கேட்டிராத தமிழ். மூன்றாவது நிமிடம், நிலையத்துக்கு மேலே நின்ற கப்பலிலிருந்து மீட்புக்கூண்டு இறங்கியது.

அது கீழே போய்க் கதவைத் திறக்கும்வரை இரண்டு மணி நேரம் சாளையும் முரலும் ஓயாமல் திட்டிக்கொண்டார்கள். சீதனக் கட்டில், சின்ன அத்தை, உப்பில்லாத மீன் குழம்பு என்று எதுவும் மிஞ்சவில்லை. ஜெரோம் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. பதில் சொல்வதற்கே அவனுக்கு நேரம் போதவில்லை. கதவு திறந்ததும் கடைசியாக ஒரு சொல் வந்தது.

முரல்: வாரேன்.

ஆறு பேரும் உயிரோடு கரையேறினார்கள். ஊரே துறைமுகத்தில் கூடி, மெருகியைக் கழற்றி எறிந்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தியது. ஒரு மாதத்துக்குள் திட்டறையில் இரண்டு லட்சம் பட்டப்பெயர்கள். ஏலக்கூடத்தில் பழையபடி சண்டை. பூக்கண்காட்சியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மெருகி நிறுவனமும் வெட்கப்பட்டு, திருந்திய பதிப்பு ஒன்றை எல்லோருக்கும் இலவசமாக அனுப்பி வைத்தது.

அடுத்த ஞாயிறு மதியம் ஸ்தெல்லா ஆசையாகத் திரை முன் உட்கார்ந்து தன் பட்டப்பெயரை அடித்தாள்.

'இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.'

அவசரமாக வேறு பெயரில் நுழைந்து பார்த்தாள். திட்டறையில் சாளை முரலை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். முரலும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தான். இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஜெரோம் இரண்டு கையாலும் நண்டு உடைத்துக்கொண்டிருந்தான்.

திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'திட்டிப் பழக்கம் விட்டுப்போன வாடிக்கையாளர்களுக்காக, உங்கள் மெருகியே இனி உங்கள் பெயரில் திட்டும்.'

ஜெரோம் எட்டிப் பார்த்தான். நாலைந்து வரி படித்தான். நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தான்.

"ஏட்டி, நம்மள விட நல்லாத் திட்டுதே!"