துண்டு போட்ட இடம்

மாலை மணி ஒலித்ததும் கட்டடம் முழுவதும் அடங்கிப்போகும். கட்டில் அகலமே உள்ள அறைகளில் வாழ்கிறவர்கள் காட்சிக்கவசத்தை மாட்டிக்கொண்டு ‘வெளி’க்குள் போய்விடுவார்கள்.

அது ஒரு மெய்நிகர் கலைப்படைப்பு. இடம் என்றால் என்ன என்ற கேள்வியை மட்டும் வைத்து யாரோ ஒரு கலைஞர் செய்தது. உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் எல்லையற்ற ஒரு வெளி. நடக்க நடக்க விரியும். ஆனால் அதில் இன்னொருவரை உட்காரவைத்தால் இருவர் வெளியும் ஒன்றாகிச் சுருங்கிவிடும். மறுபடி விரியாது. அதனால் யாரும் யாரையும் அழைப்பதில்லை.

நப்பின்னையின் வெளியில் கடல் இருந்தது. கணவன் இளவழுதியின் வெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பான். ஒரே கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தனித்தனியே போய்வந்தார்கள். இவருக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று அவள் தனி அறைக்கு எழுதிப் போட்டுவிட்டாள். நாளை சாவி தருவார்கள்.

அன்று ஏதோ நினைவில் அவள் மாட்டிக்கொண்டது அவனுடைய கவசத்தை.

அவன் சொன்னது உண்மைதான். மலையில்லை, மரமில்லை. வெளுத்த வெறுமை. நெடுந்தூரம் நடந்தபின் ஒரு மரப்பலகை தெரிந்தது. அதன் ஒரு பாதியில் அவனுடைய கட்டம்போட்ட துண்டு விரித்திருந்தது. தில்லையில் திரை விலகியதும் வெற்றிடத்தைக் கும்பிட்ட நாள் அவளுக்கு நினைவு வந்தது. கைகள் தாமாகக் குவிந்தன.

கவசத்தைக் கழற்றினாள். அவளுடைய கவசத்தை மடியில் வைத்தபடி இளவழுதி உட்கார்ந்திருந்தான்.

“அங்க எதுக்குங்க துண்டு?”

“பஸ்ல போடுறதுதான். நீ வந்தா உக்கார வேணாமா?”

“அவ்வளவு பெரிய பொட்டக்காட்டுல யாருங்க வந்து உங்க இடத்தைப் புடிக்கப் போறா?”

“அதெல்லாம் சொல்ல முடியாது.”

“ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?”

“கூப்பிட்டா உன் கடல் போயிடுமே, பின்னை.”

அவள் தன் கவசத்தை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, அவனுடையதை அவன் கையில் கொடுத்தாள்.

“தள்ளி உக்காருங்க, வர்றேன்.”

கடலோசை மெல்லக் குறைந்து நின்றது. வானம் கூரையளவுக்கு இறங்கியது. கடைசியில் அந்தப் பலகை மட்டுமே மிஞ்சியது. இருவருக்கும் முழங்கால் இடித்தது.

இளவழுதி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.