ராணிக்கு வாய்த்த கை

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி... ரொறன்ரோவில் கொட்டிய மழைக்கு ஒதுங்கத்தான் துர்க்கா அந்த நூதனசாலைக்குள் நுழைந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்நூறு வருடத்துக் கைப்பிரதி ஒன்று. திறந்திருந்த பக்கத்தில், பொன் பூசிய ராணி ஓவியம்.

"கொஞ்சம் விலத்தினா நானும் பாப்பன்," என்றது பின்னால் ஒரு குரல்.

"நானும் ரிக்கற் எடுத்துத்தான் வந்தனான்," என்றாள் துர்க்கா.

திரும்பினாள். நனைந்த தலைமயிர்... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்.

மிதுனன், பல்கலைக்கழகத்தில் ஓவிய வரலாறு படிப்பவன். இதை வரைந்தவனின் பெயர் ஒருவருக்கும் தெரியாதாம். வரைந்த கைகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் பிடிக்கிறார்களாம். ராணியோ தேவதையோ, அவன் வரைந்தால் பருத்த விரல், மூட்டில் தடித்த மொளி... உழைத்த கை. இந்த ராணிக்கு மட்டும் ஒரு கை மெலிந்து கிடந்தது. பிறகு வந்த எவனோ வெட்கப்பட்டு மேலால் பூசிவிட்டானாம். அவனை ஏசும்போது மிதுனனுக்கு முகமே சிவந்துவிட்டது.

கோழித் தொழிற்சாலை வேலையில், ஐஸ் தண்ணீரில் வெடித்த தன் விரல்களைத் துர்க்கா நீட்டிக் காட்டினாள். தன்னையும் அந்த ஆள் வரைந்திருப்பான் என்றாள். மிதுனன் கையைப் பார்த்தான். பிறகு கண்களை... அங்கேயே நின்றுவிட்டான்.

அதன்பின் ஞாயிறுதோறும் சந்தித்தார்கள். மார்கழியில் மில்லிக்கன் பிளாசாவில் அவன் தாய் பாலேஸ்வரி எதிர்ப்பட்டார். பிள்ளைக்கு என்ன வேலை என்று துர்க்காவைக் கேட்டார். துர்க்கா வாய் திறக்குமுன் மிதுனன் முந்திக்கொண்டான்.

"பாங்கில, அம்மா."

தாய் மலர்ந்துபோனார். துர்க்காவுக்குக் காது சுட்டது. அவர் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"ராணியின்ர கையில பூசினவனை ஏசினீங்கள். நீங்களும் அதைத்தானே செய்தனீங்கள்?"

பஸ் ஏறிப் போய்விட்டாள். அவன் தொலைபேசி எடுத்தபோதெல்லாம் பேச மறுத்தாள். அந்தக் கை உழைத்துத்தான் அவள் வீடு நிமிர்ந்து நின்றது. அதை மறைக்க ஒருவனுக்கும் இடம் கொடாள். ஆனால் கோழி வெட்டும்போதும் அந்தக் கண்கள்... சனியன், போனால்தானே!

தைமாதப் பனியில் ஒருநாள், வேலை விட்டு வெளியே வந்தாள். வாசலில் மிதுனன். கூட வேலை செய்யும் பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"அம்மாட்டச் சொல்லிப்போட்டன். கோழிப் பக்டரி எண்டு."

"என்ன சொன்னவ?"

"ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்லை." தலை குனிந்தான். "பயத்தில பொய் சொன்னனான், துர்க்கா. எனக்கு உம்மில சரியான விருப்பம்... நீர் இருக்கிற மாதிரியே."

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டை வாறன். என்ர வேலையை நானே சொல்லுவன்."

"அவ ஏதும் சொன்னா?"

"சொல்லட்டும். அவவின்ர மகனில எனக்கு விருப்பம் எண்டதையும் நான்தான் சொல்லுவன்."