கேட்காமல் வெட்டிய புளியமரம்

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போகும் சாலையில் பஸ் நின்று ஒரு வாரமாகிவிட்டது. பேங்க் வேலைக்காக அந்தச் சாலையோர ஊருக்குக் குடிவந்த எனக்கோ பறவைப் பைத்தியம். ஊரே பஸ்ஸுக்குத் தவிக்க, நான் மட்டும் சத்தமில்லாத சாலை கிடைத்ததே என்று விடியற்காலையில் நடக்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு வேடியப்பன் துணைக்கு வந்தான்.

மலை இன்னும் கறுப்பாக இருந்தது. செம்போத்து ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கிடந்த மரங்கள்மேல் ஏறி இறங்கிப் போனோம். எல்லாவற்றிலும் பெரிய மரத்தருகே வேடியப்பன் நின்றான்.

"இத நான்தான் வெட்டுனேங்க சார். பெரிய மரத்துல மொத நா ராவே கோடாரிய கொத்தி வச்சி, 'இருக்கிறவங்க எழுந்து போயிடுங்க'ன்னு கேட்டுக்கணும். காலைல கோடாரி கீழ கெடந்தா, போவ மாட்டேன்னு அர்த்தம். அப்பறம் தொடக்கூடாது."

"நீ கேட்டியா?"

"அன்னிக்கி இருந்த அவசரத்துல எங்க சார் கேக்கறது?"

சிரித்துக்கொண்டே மரத்தைத் தாண்டி, அடிக்கட்டைப் பக்கம் போனான்.

வானம் வெளுத்துவிட்டது. அடிக்கட்டையைச் சுற்றி மட்டும் வெளுக்கவில்லை. மரம் நின்றபோது விழுந்த நிழல் அப்படியே கிடந்தது.

செம்போத்து சட்டென்று நிறுத்தியது.

தலைக்கு மேலே இலைகள் சலசலத்தன. அண்ணாந்தேன். வெறும் வானம்.

"வேடியப்பா, வெளியே வாய்யா!"

"வந்துக்கினுதான் சார் இருக்கேன்."

அவன் கால்கள் நடந்தன. ஆள் நகரவில்லை.

கையைப் பிடித்து இழுத்தேன். வேர் விட்டவனைப் போல அசையாமல் நின்றான். புளியங்காயை நசுக்கிய வாசனை மூக்கில் ஏறியது.

"எங்க போறதுன்னு கேக்குதுங்க சார்," என்று முணுமுணுத்தான். "இங்கயே இருந்துக்கட்டுமான்னு கேக்குது."

"முடியாதுன்னு சொல்லு!"

"அத மட்டும் சொல்ல வரலீங்களே."

நிழல் சுருங்கிச் சுருங்கி அவன் காலடிக்கு வந்தது. பிறகு அதுவும் இல்லை. அவன் சாய்ந்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வர வழியில்லை. வழியை அடைத்ததே அவன்தான். நடுச்சாலையில் அவனை மடியில் போட்டுக்கொண்டு கத்தினேன், அழுதேன். யார் வருவார்கள்?

சாலை திறந்த பிறகு டாக்டர்கள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். இப்போது பேச்சில்லாமல் கட்டிலில் கிடக்கிறான். பொழுது சாய்ந்தால் புளிய இலை மாதிரி அவன் விரல்கள் மடங்கும். விடிந்தால் விரியும்.

அவன் மனைவி காசியம்மாள் தினமும் இரவு கட்டில் காலில் கோடாரியைக் கொத்தி வைத்து, "இருக்கிறவங்க எழுந்து போயிடுங்க," என்று கும்பிடுகிறாள்.

காலையில் கோடாரி தரையில் கிடக்கிறது.