இரண்டாவது ஆமென்

பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இருந்த வீட்டுக்கு ஐடா குடிவந்ததற்கு ஒரு கட்டில்தான் காரணம். பைக் விபத்தில் தலையில் அடிபட்டுப் பேச்சும் நடையும் போன மகன் ஷெர்வினை, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பழைய வாடகை வீடு மாடியில் இருந்தது, படி வளைவில் கட்டில் திரும்பவில்லை. இந்த வீடு தரையோடு தரை. சுரங்கம் ஓடிய காலத்துத் தகரக் கூரை, தாழ்ந்த வாசல். நல்ல வெயிலிலும் உள்ளே ஈரப் பாறையின் வாசனை அடித்தது.

எதிர்ப்புறம் மளிகைக் கடை வைத்திருக்கும் அம்சவேணி வந்து சாமான் இறக்க ஒரு கை கொடுத்தாள். போகும்போது வாசலில் தயங்கினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊட்ல யாரும் நெலைக்கல. நீங்க ஜெபம் பண்றவங்க. இன்னா வேண்டிக்கினாலும் பாத்து வேண்டிக்குங்க."

"ஏம்மா, கேட்டது கெடைக்காதா?"

"கெடைக்கும்கா. அதான் பயம்."

ஐடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டது கிடைக்காமல் மாதக்கணக்காக முழங்கால் தேய்ந்தவளிடம் வந்து சொல்கிறாளே!

மாலையானால் கட்டிலருகே முக்காடு போட்டு, கண்ணை மூடி முழங்கால்படியிடுவது அவள் வழக்கம். மகள் ரெபேக்கா பெங்களூர் வேலை முடிந்து ரயிலில் வரும்வரை வீட்டில் வேறு ஆள் கிடையாது. அன்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாளாக வராத குழாய்த் தண்ணீர் வரட்டும் என்று கேட்டு, "ஆமென்" என்றாள்.

"ஆமென்."

ஷெர்வின்தான் பேசிவிட்டான் என்று துள்ளி எழுந்தாள். அவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். தொண்டையில் மண் அடைத்த ஓர் ஆணின் குரல் அது. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. அங்கே யாரும் இல்லை. வெடி வைத்த பாறையின் புகை நெடி மட்டும் நின்றது. வெளியே குழாய் செருமிக்கொண்டு தண்ணீரைக் கக்கியது.

அடுத்த வாரம் ஷெர்வினின் காய்ச்சலுக்காக ஜெபித்தாள். இரண்டாவது ஆமென் கேட்டது. காய்ச்சல் விட்டது. ஒருவர் கேட்பதைவிட இருவர் மனமொத்துக் கேட்டால் கிடைக்கும் என்று சபை ஐயர் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்வார். இரண்டாவது ஆளாக ஒரு தேவதூதன் வந்துவிட்டான் என்றே ஐடா முடிவு கட்டிவிட்டாள். பெற்ற மனசு அப்படித்தான், நீட்டுகிற கை யாருடையது என்று பார்க்காது. மகன் எழுந்து நடக்க வேண்டும் என்று அழுது கேட்டபோது மட்டும் பக்கத்தில் சத்தமே இல்லை. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் ரெபேக்கா அழுதுகொண்டு வந்தாள். ஆபீசில் சூப்பர்வைசர் ராஜ்குமார் தொட்டுத் தொட்டுப் பேசுகிறானாம். ஐடா வயிறெரிந்து, "அந்த ஆளை என் பொண்ணு பக்கத்திலிருந்து எடுத்துப்போடும் ஆண்டவரே" என்றாள். இரண்டாவது ஆமென் அன்று சற்று அவசரமாகவே வந்தது.

மறுநாள் மத்தியானம் ரெபேக்கா போன் செய்தாள். "மம்மி, ராஜ்குமார் சார் செத்துட்டாரு. சாப்டுக்கினே இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு."

அன்றோடு ஐடா அந்த வீட்டில் ஜெபிப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டுக்கு முன்பு கூட உதடு அசையவில்லை. உங்க அம்மா ஒரு ஆளைக் கொன்றுவிட்டாள் என்று மகளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். ஷெர்வினின் முதுகுப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். துணி பட்டதும் அவன் அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டான். நிறுத்தவே இல்லை. ஐடாவுக்குக் கையும் மனசும் ஒன்றாக விட்டுப்போயின. பழக்க தோஷம், கட்டிலருகே சரிந்து முழங்கால்படியிட்டாள்.

"போதும் ஆண்டவரே. புள்ள படுறது போதும். எடுத்துக்கொள்ளும்."

என்ன கேட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வெடிப்புகை நெடி அறையை நிறைத்தது.

இடது பக்கத்தில் முழங்கால் எலும்பு சொடுக்கியது. யாரோ மெதுவாக மண்டியிட்டார்கள்.

மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவள் முடிக்காமல் அது ஆமென் சொன்னதில்லை. ஜெபம் முடியாதவரை மகனுக்கு உயிர் உண்டு.

"இல்ல ஆண்டவரே, அவன் பொழைக்கணும்" என்று பதறினாள். அந்தப் பக்கத்தில் அசைவில்லை. தனக்குப் பிடித்ததை மட்டும் அது எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அவள் சற்று நிறுத்தினாலும் காதருகே உதடு பிரியும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. நிறுத்தாமல் ஜெபித்தாள். சபைக்காக, அம்சவேணியின் மூட்டு வலிக்காக, கரண்ட் ஆபீஸ்காரர்களுக்காக, ரயிலில் நின்றுகொண்டே வரும் ஜனங்களுக்காக, தெரு நாய்க்காக. கேட்பதற்கு ஆள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தொண்டை தேய்ந்து இரும்பை உரசுவதுபோல் ஆனது.

தூரத்தில் மாரிகுப்பம் ரயில் ஊதியது.

ரெபேக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும் சத்தம், பையை வைக்கும் சத்தம். அம்மா மறுபடி ஜெபிக்கிறாள் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும். சின்ன வயதிலிருந்து பழகியபடி துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு அம்மாவின் வலது பக்கம் முழங்கால்படியிட்டாள்.

ஐடா கையை வீசிப் போ போ என்றாள். பரிசுத்த ஆவியில் நிறைந்து கையை உயர்த்துகிறாள் என்று மகள் நினைத்தாள்.

வேறு வழி தெரியாமல் ஜெபத்துக்குள்ளேயே கதறினாள். "ஆண்டவரே, என் பொண்ணை வாயைத் திறக்க விடாதேயும்!"

இடது பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஐடாவுக்கு இருமல் முட்டியது. இருமினாள். இருமி முடிந்தபோது ஒரே ஒரு கணம் ஜெபம் அறுந்து நின்றது.

"ஆமென்" என்றாள் ரெபேக்கா.

"ஆமென்."

ஓலம் நின்றது.

ஐடா கண்ணைத் திறந்தாள். ஷெர்வினின் நெஞ்சு அசையவில்லை. கட்டில் விரிப்பைப் பற்றியிருந்த அவன் விரல்கள் தளர்ந்திருந்தன. வலது பக்கம் திரும்பினாள். ரெபேக்கா தம்பியைப் பார்த்து அலற முயன்றுகொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்கள் பிதுங்கின. உதடுகள் பிரியவில்லை. இரண்டு கையாலும் தன் வாயைப் பிய்த்துப் பார்த்தாள். மூக்கு வழியாக ஒரு முனகல் மட்டும் வந்தது.

ஐடாவுக்குத் தெரியும், இனி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. தெரிந்தும் என்ன, கண்ணெதிரே மகள் துடிக்கிறாள்.

"ஆண்டவரே..." என்று வாயெடுத்தாள்.

இடது பக்கத்தில் முழங்கால் சொடுக்கியது.